பேனாவைக் கட்டினீர்களா?

கே: தினசரி காலண்டர் அட்டையில் மளிகைப் பட்டியல் ஒட்டி மாட்டினேன். ஜூன் மாதமே பூசணம் பூத்துவிட்டது. (வாசகி, குலசேகரம்)

ப: மைதாப் பசையா? அப்படியானால் பூக்கத்தான் செய்யும். நம் குமரி மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் ஆரம்பித்தால் டிசம்பர் வரை சுவர் முழுசாகக் காய்வதில்லை. ஃபெவிகால் போதும். சாரல் அடிக்கும் சுவரை விட்டு உள்சுவரில் மாட்டுங்கள். அட்டையின் பின்பக்கம் நான்கு மூலையிலும் பாட்டில் மூடி ஒட்டினால் நடுவே காற்று போகும். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

கே: பட்டியலை லேமினேட் செய்யலாமா? (தக்கலை)

ப: தண்டச் செலவு. பழைய போட்டோ ஃப்ரேமுக்குள் கட்டம் போட்ட தாளை வைத்து, கண்ணாடி மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதுங்கள். துணியால் துடைத்தால் போய்விடும். மார்க்கரையும் கட்டுங்கள்.

கே: கண்ணாடியில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டேன். அழியவில்லை! (நாகர்கோவில்)

ப: வாங்கும்போது அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்திருக்கலாம். சரி, எழுத்தின் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரைப் பூசி, காய்வதற்குள் துடையுங்கள்.

கே: கடையில் வாங்கிய பிளானரில் நம் ஊர் விடுமுறைகளே இல்லை. (சுசீந்திரம்)

ப: எங்கோ அச்சடிப்பவருக்கு மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழா எப்படித் தெரியும்? மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீங்களே கட்டம் போடுங்கள். குறுக்கே 7, கீழே 6. ஐந்து வரிசையோடு நிறுத்தாதீர்கள்: 2026 ஆகஸ்ட் சனிக்கிழமை பிறக்கிறது, ஞாயிறில் தொடங்கும் கட்டத்தில் 30, 31 தேதிகளுக்கு இடமிருக்காது. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 என்று பேனாவால் எழுதலாம். கொடை மாசியில் தேதி மாறி வருவது, பென்சிலால் எழுதுங்கள்.

கே: மனைவி 800 ரூபாய் செலவில் அழகான பலகை செய்தாள். வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. எப்படி மேம்படுத்துவது? (வாசகர், மார்த்தாண்டம்)

ப: 'யாரும்' என்பதில் நீங்களும் அடக்கம்தானே, அண்ணாச்சி? இதே கடிதம் எனக்கு மாதாமாதம் வருகிறது, ஊர் பெயர்தான் மாறும். செய்தது அவர், எழுதுவது அவர், படிப்பதும் அவர் ஒருவரே. அப்புறமும் "சீனி இருக்கா?" என்று அடுக்களை வாசலில் நின்று அவரிடமே கேட்பீர்கள். அவர் மண்டையில் கிடக்கும் பாரத்தை இறக்கத்தான் பலகை.

முதலில் தெர்மோகோல் பூவையும் ஜிகினாவையும் பிடுங்குங்கள். 800 ரூபாய்க்குப் பத்துப் பலகை செய்யலாம். தலைப்பு மூன்று போதும்: தீர்ந்த சாமான், கட்ட வேண்டிய பணம், கேஸ். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. கட்டியவர் தேதி போட வேண்டும். கேஸில் சிலிண்டர் மாற்றிய நாளோடு டியூப் மாற்ற வேண்டிய வருடத்தையும் எழுதுங்கள். ரப்பர் டியூபுக்கு ஆயுள் சுமார் 5 வருடம். டப்பாவைக் காலி செய்தவர்தான் எழுத வேண்டும், அது நீங்களானாலும். பலகையை அடுக்களையிலிருந்து எடுத்து, பைக் சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பேனா? கட்டுங்கள்.

கே: ரசீதுகளைப் போட்டு வைக்க? (கருங்கல்)

ப: கல்யாணக் கார்டு உறை பன்னிரண்டு, மாதத்துக்கு ஒன்று. ரப்பர் பேண்டு போடாதீர்கள், நாளாக நாளாக இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். கடை மெஷினில் வரும் வழுவழுப்பான பில் மங்கிப்போகும்; வாரண்டி இருந்தால் ஜெராக்ஸ் எடுத்துப் போடுங்கள்.

கே: ஏடிஎம் பின் நம்பரையும் பலகையில் எழுதலாமா? (குளச்சல்)

ப: கூடாது. போன மாதமும் இதையேதான் சொன்னேன்.