ஜேர்மன் படித்தால் பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும்?

அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்தேன். மகளுக்குக் களனிப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது; அங்கே போய் ஜேர்மன் படிக்கப் போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். “அதைப் படித்துவிட்டுத் தலவாக்கலையில் யாரோடு பேசப் போகிறாள், அரச நியமனமும் வராதே” என்று கேட்கிறீர்கள். நியமனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். புவியியல் படித்தாலும் இன்று அதே கதைதான்.

யாரோடு பேசுவாள் என்பதற்குப் பதில் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. நானுஓயாவில் எல்ல ரயிலுக்கு நிற்கும் வெளிநாட்டவர்களில் ஜேர்மன்காரர்களும் இருப்பார்கள். அவர்கள் தங்கும் நுவரெலியா ஹோட்டல் ஒன்றின் முன்பதிவு மேசையை எடுத்துக்கொள்வோம். மாலையில் ஒரு மின்னஞ்சல் வருகிறது: நாளை வரும் குடும்பத்தில் சின்னப் பிள்ளைக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது, ரயில் டிக்கெட்டில் திகதியும் பிழை. குசினிக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், வேன் டிரைவருக்குத் தமிழில், மனேஜருக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி. பிறகு, கோபத்தில் இருக்கும் விருந்தினருக்கு மரியாதையான ஜேர்மனில் பதில். இதில் மொழியறிவு பாதிதான். எது அவசரம் என்று பிரிப்பது, விளங்காததை வெட்கப்படாமல் திரும்பக் கேட்பது, எழுதியதை அனுப்புமுன் இன்னொரு தடவை பார்ப்பது எல்லாம் மொழி வகுப்பில் தினமும் பழகுவதுதான். ஹட்டன் பஸ்ஸில் தமிழும் சிங்களமும் மாறி மாறிப் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் லேசு. நம் பிள்ளைகள் அதை ஒரு தகைமையாகச் சுயவிபரக்கோவையில் எழுதுவதேயில்லை. மகளை எழுதச் சொல்லுங்கள்.

ஹோட்டல்தான் என்றில்லை. சுற்றுலா முகவர் நிலையம், தேயிலை ஏற்றுமதி, மொழிபெயர்ப்பு, வெளிநாட்டுக் கம்பனிகளின் வாடிக்கையாளர் சேவையைக் கொழும்பிலிருந்தே செய்யும் அலுவலகங்கள் என்று வழிகள் உண்டு. வழிகாட்டியாக விரும்பினால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

ஆனால் பட்டச் சான்றிதழைப் பார்த்து மட்டும் யாரும் வேலை தர மாட்டார்கள். எந்த மட்டம் என்று கேட்பார்கள். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை 6 மட்டங்கள். ஏ2ஓடு நின்றால் வணக்கம், விலை, வழி சொல்லலாம். அலுவலக வேலைக்கு பி2ஐக் குறி வைக்க வேண்டும். கொழும்பிலுள்ள ஜேர்மன் கலாசார நிலையமான கோத்தே நிலையத்தில் ஜேர்மனுக்கான மட்டப் பரீட்சைகளை எழுதலாம். பிரெஞ்சு என்றால் டெல்ஃப் என்ற பரீட்சை. ஒருமுறை சித்தியடைந்தால் ஆயுளுக்கும் செல்லும். ஜப்பானிய மொழிக்கு என்5 முதல் என்1 வரை மட்டங்கள், என்1தான் உயர்ந்தது. அந்தப் பரீட்சையில் பேச்சுப் பகுதி இல்லை, ஆகவே நேர்முகத்தில் பேச வைத்துத்தான் பார்ப்பார்கள். கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போக எழுதும் பரீட்சை வேறு, கொரிய மொழித் திறனுக்கான 6 மட்டப் பரீட்சை வேறு. டவுனில் போஸ்டர் ஒட்டும் சில வகுப்புக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள், கவனம்.

மகளிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஜேர்மனோடு எடுக்கும் மற்றப் பாடம் வேலைக்கு உதவுவதாக இருக்கட்டும். ஆங்கிலத்தை எந்தக் காரணத்துக்கும் விடக்கூடாது. சிறப்புப் பட்டம் என்றால் 4 வருடம் போகும், அதையும் வீட்டில் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். மகாபொல புலமைப்பரிசில் பணம் கைக்கு வரச் சுணங்கலாம், முதல் சில மாத போர்டிங் காசை ஒதுக்கி வையுங்கள். மட்டப் பரீட்சைக் கட்டணத்துக்கு ஒரு சீட்டுப் போட்டால் இன்னும் நல்லது.