இ-பாஸுக்கு 800 ரூபாயா? கொடைக்கானல் ஏரிக்குக் கிளம்பும் முன்

கேள்வி: ஐயா, வணக்கம். விழுப்புரத்தில் இருந்து எழுதுகிறேன். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. நான், மனைவி, 71 வயது அம்மா, இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் சொந்தக் காரில் கொடைக்கானல் போய் மூன்று நாள் தங்கலாம் என்று இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் ஏரியில் படகில் போக ரொம்ப ஆசை. 'லேக் வியூ காட்டேஜ்' என்று விளம்பரம் பார்த்துப் பேசினேன். மூன்று நாளுக்கு 18,000 ரூபாய், முழுப் பணத்தையும் இப்போதே ஜிபேயில் அனுப்பச் சொல்கிறார்கள். வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், வண்டி மேலே போகத் தேவையான இ-பாஸ் அனுமதி எனக்குக் கிடைக்காதாம். அவர்களிடம் 'கோட்டா' இருக்கிறதாம், 800 ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருவார்களாம். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். 18,000-ம் வேண்டாம், 800-ம் வேண்டாம்.

முதலில் இ-பாஸ். அது முழுக்க முழுக்க இலவசம். தமிழக அரசின் மின் ஆளுமை முகமையின் இணையதளத்தில் உங்கள் செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை என்ற விவரங்களை நிரப்பினால் கியூஆர் குறியீட்டோடு பாஸ் வந்துவிடும். செல்போனிலேயே முடிகிற வேலை. உங்களுக்குக் கை வராவிட்டால் பத்தாம் வகுப்புப் படிக்கும் எந்தப் பிள்ளையும் செய்து கொடுத்துவிடும். ஏஜென்டுக்கு என்று தனிக் கோட்டா எதுவும் கிடையாது. விடுதிக்காரருக்கும் கிடையாது. அவர் உங்களிடம் 800 ரூபாய் வாங்கிக்கொண்டு அதே தளத்தில், அதே படிவத்தைத்தான் நிரப்புவார். நிரப்பினால் நல்லது. பழைய பாஸில் தேதியை மாற்றி ஒரு படத்தை அனுப்பிவிட்டால், சோதனைச்சாவடியில் கியூஆரை ஸ்கேன் செய்யும்போது மாட்டிக்கொண்டு நிற்பவர் நீங்கள். அதற்குள் அவர் போன் அணைந்திருக்கும்.

கட்டுப்பாடு இருப்பது உண்மைதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-ம் தேதி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடைக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்றும் வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வாரநாட்களில் 4,000, சனி ஞாயிறில் 6,000. இந்த எண்ணிக்கை சீசனுக்குச் சீசன் மாறலாம், கிளம்பும் முன் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு 4,000 வண்டி என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. திங்கள் முதல் வியாழன் வரைக்குள் உங்கள் பயணத்தை வைத்துக்கொண்டால், 'கிடைக்கவே கிடைக்காது' என்று பயமுறுத்துகிறவர்களை நீங்கள் பொருட்படுத்த வேண்டியதே இல்லை.

இந்த இடத்தில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஐஐடியும் ஐஐஎம்மும் ஆராய வேண்டும், அதுவரை இந்த எண்ணிக்கை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அது சரியான காரியம். ஆனால் பாஸ் இலவசம் என்பதை வத்தலக்குண்டிலும் பழனியிலும் கண்ணில் படுகிற மாதிரி பெரிய பலகையில் எழுதி வைப்பதற்கு என்ன தடை? ரயில் நிலையங்களில், பேருந்து நிலையங்களில் ஒட்டுவதற்கு என்ன செலவு? விதியைப் போட்டுவிட்டு அதை மக்களுக்குச் சொல்லாமல் விட்டால், நடுவில் இருப்பவன் சொல்வதுதான் விதியாகிவிடும். ஊரில் இருந்து முதல் தடவை மலைக்கு வருகிற குடும்பங்கள்தான் இதில் அகப்படுகின்றன.

பாஸ் வண்டி எண்ணோடு கட்டப்பட்டது என்பதை மறந்துவிடாதீர்கள். நாளைக்கே உங்கள் கார் பழுதாகி மைத்துனர் காரில் கிளம்பினால், இந்தப் பாஸ் செல்லாது. புதிதாக எடுக்க வேண்டும்.

பாஸே தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் யாருக்கும் கமிஷன் இல்லை. அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் வேண்டாம். மதுரை, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனி என எங்கிருந்து ஏறினாலும் வேண்டாம். பாண்டியன் எக்ஸ்பிரஸ், வைகை எக்ஸ்பிரஸ் இரண்டும் கொடை ரோடு நிலையத்தில் நிற்கும், விழுப்புரத்தில் இருந்தே அதில் வரலாம். அங்கிருந்து மலை உச்சி கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். வத்தலக்குண்டு வந்து பேருந்து மாறிக்கொள்ளலாம். அரசுப் பேருந்து என்றால் அரசுப் பேருந்து மட்டும்தான். ரயில் நிலைய வாசலில் 'ஷேர் டாக்ஸி சார், உள்ளூர் வண்டி, பாஸ் வேண்டாம்' என்று கூப்பிடுவார்கள். உள்ளூர் வண்டி என்பது கொடைக்கானலில் குடியிருப்பவர்களின் வண்டி. கீழே ஓடுகிற வாடகைக் காரில் நீங்கள் ஏறினால் அது சுற்றுலா வண்டிதான், அதற்குப் பாஸ் வேண்டும். டிரைவரிடம் பாஸைக் காட்டச் சொல்லுங்கள். வண்டி எண்ணும் இன்றைய தேதியும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். காட்டாமல் 'அதெல்லாம் பேசிக்கலாம் சார்' என்றால் இறங்கிவிடுங்கள். உங்கள் அம்மாவின் முழங்காலை நினைத்தால் பேருந்தைவிடச் சொந்தக் கார்தான் வசதி, அதையும் சொல்லிவிடுகிறேன். தேதி கிடைக்காமல் தவித்தால் பேருந்து இருக்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

அடுத்தது அந்த 'லேக் வியூ'.

கொடைக்கானல் ஏரி தானாக உண்டானது இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையைத் தடுத்து உருவாக்கியது. சுமார் 60 ஏக்கர். வட்டமான குளம் மாதிரி இல்லாமல், நட்சத்திரம் போலப் பல கைகளாகப் பிரிந்து கிடக்கும். சுற்றிலும் மரங்களும் மேடுகளும். இதனால் என்ன ஆகிறது என்றால், ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பல கட்டடங்களில் இருந்துகூட ஏரி தெரியாது. தெரிந்தாலும் ஒரு கையின் ஓரம் மரத்துக்கு நடுவே பளிச்சிடும், அவ்வளவுதான். விளம்பரத்தில் நீங்கள் பார்க்கும் முழு ஏரிப் படம், மேலே இருக்கும் காட்சிமுனையில் நின்று எடுத்ததாக இருக்கும். வில்பட்டியிலும் அட்டுவம்பட்டியிலும் பெருமாள்மலையிலும் இருக்கும் வீடுகளைக்கூட 'லேக் வியூ' என்று விற்கிறார்கள். பெருமாள்மலையில் தங்கினால் ஒவ்வொரு தடவை ஏரிக்கு வரவும் சீசன் நெரிசலில் மலைச்சாலையில் ஊர வேண்டும். வயதானவருக்கு அது தண்டனை.

ஆகவே அந்த ஆளிடம் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். உங்களுக்குத் தரப்போகும் அறையின் ஜன்னலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்படியே வாசலுக்கு வந்து பெயர்ப்பலகையையும் சாலையையும் காட்டட்டும். 'ஆள் இல்லை, நாளைக்குக் காட்டுறேன்' என்று இரண்டு தடவை சொன்னால் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே, அதுவும் தனிநபர் எண்ணுக்கு அனுப்பச் சொல்கிற இடம் எதுவும் வேண்டாம். ஒரு பகுதி முன்பணம், விடுதியின் பெயரில் இருக்கும் கணக்கு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் ஒரு வரி. இந்த மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் போக வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது அனுப்பிவிட்டு எனக்கு எழுதத் தயங்கியிருந்தால், யோசித்துக்கொண்டு இருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடங்களுக்கு 2019-ல் நீதிமன்ற உத்தரவின் பேரில் சீல் வைத்தார்கள். அதற்குப் பிறகும் குடியிருக்கும் வீடு, தோட்ட வீடு என்ற பெயரில் அறைகள் வாடகைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எது உரிமம் உள்ள விடுதி, எது இல்லாதது என்று ஒரு பயணி வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க, எளிதாகக் கண்ணில் படுகிற ஒரே பட்டியல் இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதே இருந்திருக்காது. பயமாக இருந்தால் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு கொடைக்கானலில் இருக்கிறது, அவர்கள் தளத்திலேயே பதிவு செய்யலாம். ஆடம்பரம் எதிர்பார்க்க வேண்டாம், ஏமாற்று இருக்காது.

வரிசை முக்கியம்: முதலில் பாஸ், பிறகுதான் அறைக்கு முன்பணம். அறையை முடித்துவிட்டுப் பாஸுக்கு அலைகிறவர்கள்தான் 800 ரூபாய்க்குத் தலையாட்டுகிறார்கள். தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்று. பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சி பெரும்பாலும் மே பிற்பாதியில் வரும். பூவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். மே இரண்டாம் வாரம் நல்ல வாரம்தான், அறிவிப்பை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அம்மாவின் படகு. காலையில் படகு இல்லம் திறந்ததும் போய்விடுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் மேகம் கூடி மழை இறங்குவது கொடைக்கானலில் வழக்கம், மழையும் காற்றும் வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். பதினோரு மணிக்கு மேல் வெளியூர் வண்டிகள் வந்து சேர்ந்து வரிசையும் நீண்டுவிடும். மிதி படகு அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம், முழங்கால் மடக்கி மிதிக்கிற வேலை. துடுப்புப் படகோ, கூரை போட்ட ஷிகாரா படகோ எடுங்கள், ஓட்ட ஆள் வருவார். ஏறும்போதும் இறங்கும்போதும் படகு ஆடும் அந்த ஒரு நிமிடம்தான் கவனம். ஊழியரையே கைபிடிக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். லைஃப் ஜாக்கெட் ஐந்து பேருக்கும், அம்மாவுக்கும் சேர்த்து. சீட்டு கவுண்டரில் மட்டும் வாங்குங்கள். கட்டணம் பலகையில் இருக்கும். 'வரிசை இல்லாமல் ஏத்திவிடறேன்' என்று சாலையில் வந்து பேசுகிறவருக்கும் படகு இல்லத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஏரியைச் சுற்றி வரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள், அதிகாலையில். குதிரை கேட்டால் ஏறும் முன்பே எங்கிருந்து எங்கே வரை, எவ்வளவு என்று பேசி முடியுங்கள். அம்மா அந்த நேரம் பக்கத்திலேயே இருக்கும் பிரையண்ட் பூங்காவில் உட்காரலாம். கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர் நடைபாதை, உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தால் அவரால் முடியும்.

ஊரைச் சுற்ற வண்டி பேசினால் 'பன்னிரண்டு இடம் காட்டுகிறோம்' என்பார்கள். அதில் பாதி, கமிஷன் கிடைக்கிற சாக்லேட் கடையும் தைலக் கடையும்தான். தூண் பாறை, பைன் காடு, மோயர் சதுக்கம் இந்த மூன்றும் போதும். குணா குகைப் பக்கம் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம். வெள்ளி நீர்வீழ்ச்சி வழியிலேயே வரும். ஏரியில் இருந்து வழியும் தண்ணீர்தான் அங்கே விழுகிறது, மே மாதத்தில் மெலிந்துதான் இருக்கும். அதைப் பார்க்க என்று தனியாக நேரம் ஒதுக்காதீர்கள்.

மூன்றாம் நாள் பேரிஜம் ஏரி வேண்டும் என்றால், வனத்துறை அனுமதி வேண்டும். குறைந்த வண்டிகளைத்தான் விடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள். இதற்கும் 'அனுமதி வாங்கித் தருகிறோம்' என்று ஆட்கள் உண்டு. அவர்களால் யானையை நகர்த்த முடியாது. வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு, இல்லை என்றால் பூம்பாறை வழியாக மன்னவனூர் போங்கள். புல்வெளியும் ஏரியும் பரிசலும் இருக்கிறது, ஆட்டுப் பண்ணையும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது இன்னும் பிடிக்கும். வளைவுகள் அதிகம், வெறும் வயிற்றிலும் போகாதீர்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள்.

ஸ்வெட்டர் ஐந்து பேருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், மே மாதத்திலும் இரவு குளிரும். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும் மேலே தடை, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. கீழே கடை கடையாக அதே பாட்டிலைத் தொங்கவிட்டு விற்பதைத் தடுக்க ஒருவரும் இல்லை, மேலே வந்ததும் பயணியிடம்தான் வசூல். வீட்டில் இருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோய்விடுங்கள்.

காமக்காபட்டியில் மலையேறத் தொடங்கும்போது காலை ஏழு மணிக்குள் இருக்கப் பாருங்கள். ஏறும் வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை முறை. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். பாஸை செல்போனில் வைத்திருந்தாலும் ஒரு தாளில் அச்செடுத்து வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள், மலையில் பல வளைவுகளில் சிக்னல் கிடைக்காது.