இசைக் கேள்வி பதில்: மஸ்தான் சாகிபும் மின் கிற்றாரும்

கேள்வி: தமிழ் சூஃபி (இஸ்லாமிய ஞானி) கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபின் மனோன்மணிக் கண்ணியை ரொக் இசையில் பாடிப் பழகுகிறோம். இரண்டு மின் கிற்றார், ட்ரம்ஸ், ஒரு றபான் (கையால் தட்டும் ஒருமுகத் தோல் பறை). பெரியவர்கள் “பாட்டே விளங்கவில்லை” என்கிறார்கள். அவர்களுக்கு ரொக் பிடிக்காததுதானே காரணம்? ஒலிப்பதிவு அனுப்பியுள்ளேன்.
– வாசகர், கல்முனைக்குடி

பதில்: இல்லை. எனக்கும் வயதாகிவிட்டது, ரொக் பிடிக்கும், எனக்கும் விளங்கவில்லை. ‘மனோன்மணியே’ என்ற அழைப்பு மட்டும் காதில் விழுகிறது. என்ன சொல்லி அழைக்கிறார் என்பதைக் கிற்றார் விழுங்கிவிட்டது. கண்ணி என்பதே இரண்டு அடி. அதில் ஒன்றரை அடி போனால் மிச்சம் என்ன?

இது பெரிய இடத்திலும் நடந்த பிழைதான். பாகிஸ்தானின் கவ்வாலி (சூஃபி பக்திப் பாட்டு) பாடகர் நுஸ்ரத் பதே அலி கான், கனடாவின் கிற்றார் கலைஞர் மைக்கல் புரூக்குடன் சேர்ந்து 1990இல் ‘மஸ்த் மஸ்த்’ இசைத்தொகுப்பை வெளியிட்டார். பதிவை வெட்டி ஒட்டியபோது சில சொற்றொடர்கள் நடுவில் அறுந்து பொருளிழந்துவிட்டன. நுஸ்ரத் அதை ஏற்கவில்லை. வெறும் சரிகம பாடிய இடத்தில்கூட, வெட்டு தவறான இடத்தில் விழுந்தால் அவருக்கு அது குறைதான்.

இனி வேலைக்கு வருவோம். டிஸ்டோஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) ஏற்றிய கிற்றாரில் காந்தாரத்தையும் (‘க’) சேர்த்து மீட்டுகிறீர்கள். ஒலி கலங்குகிறது; பாடுகிறவரின் காந்தாரத்தோடு மல்லுக்கும் நிற்கிறது. சட்ஜமும் (‘ச’) பஞ்சமமும் (‘ப’) போதும். தடித்த தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கி ‘டி’யில் வையுங்கள். தடித்த மூன்று தந்திகளும் ச-ப-ச என்று நின்று சுதி பிடிக்கும். தம்புராவுக்குத் தனிச் செலவு இல்லை.

அடுத்தது வேகம். கவ்வாலியில் முதலில் ஹார்மோனியம், பிறகு ஆலாபனை, மெதுவாகப் பாட்டு, அப்புறம்தான் கைதட்டலும் ஓட்டமும். நீங்கள் தொடங்கும்போதே உச்சியில் நிற்கிறீர்கள். பிறகு எங்கே ஏறுவது? முதல் நாலைந்து கண்ணிகளுக்கு ட்ரம்ஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும். றபான் தனியே பேசட்டும். கடற்காற்றின் ஈரத்தில் அதன் தோல் தளரும். பக்கீர்மார் (றபான் தட்டிப் பாடும் சூஃபி அடியார்கள்) தணலில் காட்டி இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதையும் செய்யுங்கள். உங்கள் பதிவில் றபான் ஈரச்சாக்கில் அடித்தாற்போல் கேட்கிறது.

கேள்வி: சூஃபி ரொக்கில் யாரை முதலில் கேட்கலாம்?
– வாசகி, ஏறாவூர்

பதில்: பாகிஸ்தானின் ஜுனூன் குழுவை. மருத்துவம் படித்துவிட்டுக் கிற்றாரோடு வந்த சல்மான் அஹ்மத் 1990இல் தொடங்கியது. ட்ரம்ஸோடு தபேலாவும் ஒலிக்கும். 1997இல் வந்த ‘ஆஸாதி’யில் தொடங்கி, 1999இன் ‘பர்வாஸ்’ தொகுப்புக்கு வாருங்கள்; பஞ்சாபி சூஃபிக் கவிஞர் புல்லே ஷாவை அங்கே கேட்கலாம். 2008இல் தொடங்கிய பாகிஸ்தான் கோக் ஸ்டூடியோ தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியையும் கேளுங்கள், ஆனால் பிறகு. அங்கே எல்லாம் மிகவும் இஸ்திரி போட்டிருக்கும்.

கேள்வி: கிற்றார் அந்நியக் கருவி அல்லவா? பக்திப் பாட்டில் அதற்கென்ன வேலை?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: ஹார்மோனியமும் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிறந்ததுதான். 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடைசெய்தது. 1971இல்தான் பிடி தளர்ந்தது. கவ்வாலிக்காரர்கள் அதற்காகப் பெட்டியை மூடிவிடவில்லை. உங்கள் ஊர்ப் பறங்கியர் வயலினோடு தங்கள் கப்ரிஞ்ஞா நடனம் ஆடும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லையே!

கேள்வி: கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றக் காலத்தில் எங்கள் குழு பாடலாமா? மார்க்கத்தில் கூடுமா?
– மீண்டும் கல்முனைக்குடி வாசகர்

பதில்: கூடுமா என்பதை மௌலவியிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது சுதியும் தாளமும். பக்கீர் பைத் (பக்கீர்மார் பாடும் புகழ்ப்பாட்டு) நடக்கும் இடத்தருகே மட்டும் ஸ்பீக்கர் கட்ட வேண்டாம். அவர்கள் அங்கே நிகழ்ச்சி நடத்த வரவில்லை. உங்கள் சத்தத்தோடு போட்டியிடும் தேவையும் அவர்களுக்கு இல்லை. கொடி இறங்கிய பிறகு ஊரில் ஒரு மண்டபம் எடுங்கள், டிக்கெட் போடுங்கள். எனக்கும் ஒன்று ஒதுக்குங்கள், கடைசி வரிசையில்.