கொடுத்தனுப்பியது

அன்புள்ள ஐயா,

கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே தங்கிய ஒருவர் எனக்கு ஜியோகேச்சிங் விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார். ஒருவர் ஒரு டப்பாவை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியுடன் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்திட்டு, டப்பாவை அங்கேயே வைத்துவிட வேண்டும். வட்டக்கானல் பக்கம் நான் கண்டுபிடித்த டப்பாவில், கம்பளி நூலில் பின்னிய சின்ன ஆந்தை ஒன்று இருந்தது. அதன் காலில் எண் பொறித்த உலோகத் தகடு. இதை ‘டிராவல் பக்’ என்பார்களாம், வேறொரு டப்பாவில் கொண்டுபோய்ப் போட வேண்டுமாம். பக்கத்தில் வேறு டப்பா இல்லை. திரும்பிப் போனபோது பழைய டப்பாவும் இல்லை. ஆந்தை இப்போது என் மகளின் மேசையில் இருக்கிறது. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம்.

இது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குதானே, நம் பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன்? சோலைக்காட்டில் பிளாஸ்டிக் டப்பா வைப்பது சரியா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் இரண்டு கேள்விகளையும் முதலில் முடித்துவிடுகிறேன். நம் மலையில் விளையும் உருளைக்கிழங்கு யார் கொண்டுவந்தது என்று கேட்டுவிட்டா சமைக்கிறோம்? பிள்ளைகள் நடக்கட்டும், தேடட்டும், அதுவே போதும். காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் எதையும் வைக்கக் கூடாது. தோண்டிப் புதைப்பதையும் தின்பண்டம் வைப்பதையும் இந்த விளையாட்டின் விதிகளே தடுக்கின்றன. ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை நீக்கிய ஓரிரு நாளில், 2000 மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் இந்த விளையாட்டுக்காக வைத்த முதல் வாளியில் பீன்ஸ் டப்பா ஒன்றும் இருந்தது. நம் மலையில் அப்படி வைத்தால் காட்டுப்பன்றி நோட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

என்னை உறுத்துவது வேறு. ‘பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

எங்கள் வீடு மூஞ்சிக்கல்லில் இருந்தது. அப்பாவுக்கு மளிகைக் கடை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வெள்ளகவியிலிருந்து குதிரைக்காரத் தாத்தா வருவார். அப்போது அந்த ஊருக்குச் சாலை கிடையாது. காப்பிக்கொட்டையை ஏற்றிக்கொண்டு வந்து, அரிசியையும் மண்ணெண்ணெயையும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். அவருடைய மகளைப் பூம்பாறையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்பா பூண்டு வாங்க அங்கே போகும்போது நானும் பஸ்ஸில் கூடவே போவேன். அதனால் தாத்தா ஒருநாள் என் கையில் ஒரு மணியைக் கொடுத்து, “மகள் வீட்டில் கன்று போட்டிருக்கிறது, கொடுத்துவிடு தம்பி” என்றார்.

எலுமிச்சம்பழ அளவு பித்தளை மணி. விளிம்பில் ஓரிடம் நசுங்கியிருந்தது. நாக்கைத் தொங்கவிட்டிருந்த பழைய கம்பி தேய்ந்துபோனதால், தாத்தா புதிய செம்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி, முனை கையில் குத்தாதபடி உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தார். ஆட்டினால் ‘ணங்’ என்று ஒலிக்காது. நீர் சொட்டுவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காக ஒரு ராத்திரி வைத்துக்கொண்டேன். அடுத்த முறை போகும்போது கொடுக்கலாம் என்று இன்னொரு வாரம். துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில், மிகமிகப் பத்திரமாக வைத்திருந்தேன், ம. ஒரு கீறல்கூட விழவில்லை.

தை மாதத்தில் அந்த அக்கா எங்கள் கடைக்கு வந்தார். கன்று பெரிதாகிவிட்டது என்று தாத்தாவிடம் பேச்சுவாக்கில் சொன்னார். “மணி பொருந்துகிறதா?” என்று கேட்டார் தாத்தா. “எந்த மணி?” என்றார் அக்கா. தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் மணியைக் கொண்டுவந்தேன், வாங்கி மகளிடம் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஒரு பொட்டலம் அனுப்ப வேண்டியிருந்தது. நான் கடை வாசலில்தான் நின்றேன். என்னைக் கடந்து போய், பூம்பாறை பஸ்ஸின் கண்டக்டர் கையில் அதைக் கொடுத்தார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இப்படிப் பயணம் போகும் பொருள்களைத் திருடுகிறவர்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நான் பயப்படுவது ஆசையாக வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்து. திருடியவனுக்குத் தான் திருடன் என்று தெரியும். ஆசைப்பட்டவருக்குத் தெரியாது, தூசி துடைத்து மேசையில் வைத்திருப்பார். பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றிக்கொள்வதற்கு நட்ட கல். அதன் மேல் யாரோ இறக்கி வைத்த மூட்டை அழகாக இருக்கிறது என்பதற்காக நாம் வீட்டுக்குத் தூக்கிப் போவோமா? அந்த டப்பாவும் ஒரு சுமைதாங்கிதான். ஆந்தை அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தது. நீங்கள் தலைகொடுத்துத் தூக்கினீர்கள், இறக்கி வைக்கவில்லை.

அந்தத் தகடுகளை இரண்டிரண்டாகத்தான் விற்பார்கள். ஒன்று பொருளோடு போகும், ஒன்று அனுப்பியவரிடம் இருக்கும். உங்கள் ஆந்தைக்கும் எங்கோ ஒரு மேசை இழுப்பறையில் ஜோடித் தகடு கிடக்கலாம். நீங்கள் எடுத்ததை இணையத்தில் பதியவில்லையென்றால், அது இன்னும் வட்டக்கானல் டப்பாவிலேயே இருப்பதாகத்தான் கணக்கு. அனுப்பியவர் வரைபடத்தைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் ஆந்தை போன வழியைக் காட்டும் கோடு அங்கே வந்து நின்றிருக்கும். செவ்வாய்க்கு 2021இல் போய் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் கருவி ஒன்றில்கூட இப்படியொரு எண் பொறித்த வில்லை இருக்கிறது. அது எங்கே நிற்கிறது என்று பூமியில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது. உங்கள் மகள் மேசையில் இருப்பது எங்கே என்று அதைப் பின்னியவருக்குத் தெரியவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் குழந்தை ஆந்தையைப் பிரிய அழுவாள் என்று எனக்குத் தெரியும். நான் மணியைக் கொடுத்த அன்று ராத்திரி அழுதேன். அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவளையே தகட்டைப் படிக்கச் சொல்லி, விளையாட்டின் இணையதளத்தில் அந்த எண்ணை இடுங்கள். எண்ணைப் புகைப்படம் எடுத்து எங்கும் பகிர வேண்டாம், பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே அது தெரியலாம். டப்பா போய்விட்டதே என்று தயங்கவும் வேண்டாம், பொருள் உங்களிடம் இருக்கிறது என்று பதிய வழி இருக்கிறது. தாமதத்துக்கு ஒரு வரி மன்னிப்பு எழுதுங்கள். காரணங்களை அடுக்காதீர்கள்.

அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பொருள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அதன் இணையப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். ஒரு கடலைப் பார்க்க வேண்டும், ஒரு நாட்டுக்குப் போக வேண்டும், சுற்றிவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்றெல்லாம் இருக்கும். ஆந்தையின் நூலைப் பற்றி, காலைப் பற்றி எனக்கு எழுதிய நீங்கள், அது எங்கே போக விரும்புகிறது என்று மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இன்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்தத் திசையில் போகிற யாராவது எனக்குத் தெரிந்திருக்கலாம்.