பையில் ஒட்டிய எழுத்து எழும்பிவிட்டது: கடைக்காரர் பொறுப்பாவாரா?

கேள்வி: ஹட்டன் நகரில் ஒரு கடையில், இரண்டு பக்கமும் ஒட்டும் என்று சொல்லப்பட்ட கேன்வாஸும் (அயன் சூட்டில் ஒட்டும் பசை உட்துணி) சிவப்புப் பருத்தித் துணியும் வாங்கி, தோள்பையில் 'மலையகம்' என்று எழுத்து வைத்தேன். கேன்வாஸ் எழுத்துத் துணியில் மட்டுமே பிடித்தது. பையில் ஒட்டாததால் ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டேன். முதல் சலவையிலேயே ஓரங்கள் பிசிறி எழும்பின, சாயமும் பையில் இறங்கியது. வெட்டிக் கொடுத்ததை மாற்றித் தர முடியாது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்குத் தரப்பட்டது சட்டைக் கொலருக்கு வைக்கும் ஒருபக்கக் கேன்வாஸ் என்றே தெரிகிறது. விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பசைப் புள்ளிகள் மணல்போலச் சொரசொரக்கும். இருபக்கமும் ஒட்டுவது சிலந்தி வலைபோல மெல்லியது. பெரும்பாலும் காகிதத்தில் படிந்து வரும். அந்தக் காகிதத்தில் எழுத்தை இடவலம் மாற்றி வரைந்து, துணியின் பின்புறத்தில் அயன் செய்து, வெட்டிய பிறகு காகிதத்தை உரித்துப் பையில் ஒட்ட வேண்டும். நேராக வரைந்தால் 'லை'யின் கொம்பு மறுபக்கம் போய்விடும். எழுத்தின் கோடு ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாதிருப்பது நல்லது. 'ம்' மேலுள்ள புள்ளியைத் துணியில் வெட்டாமல் நூலாலேயே நிரப்பிவிடுங்கள். அவ்வளவு சிறிய வட்டம் நிற்காது. பசை எவ்வளவு நல்லதானாலும் ஓரம் முழுவதும் நெருக்கமான சிக்சாக் தையல் தேவை, ஓட்டுத்தையல் பிசிறைத் தடுக்காது.

சாயத்தைப் பொறுத்தவரை, வாங்கும்போதே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்திருக்கலாம். வெட்டுவதற்கு முன் தனியாகக் கழுவிக் காயவைப்பதும் அவசியம். சாயம் போவதும் துணி சுருங்குவதும் அப்போதே தெரிந்துவிடும். பனிமூட்ட நாட்களில் நம் ஊரில் துணி காய நெடுநேரமாகும், அதுவரை ஈரச் சிவப்பு பையின்மீதே கிடந்து கறையை இறக்கும்.

இனி உங்கள் உரிமை. பொருளின் தன்மையைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே ஒருபக்கக் கேன்வாஸை இருபக்கம் என்று விற்றது பற்றி நீங்கள் முறையிடலாம்; வெட்டிக் கொடுத்தது என்ற பதில் அதற்கு ஈடாகாது. சாயம் போகாது என்று கடையில் உறுதி சொல்லியிருந்தாலன்றி, துணி விடயத்தில் உங்கள் வாதம் வலுவற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வணிகரின் கடமை. அது கையிலிருந்தால், முதலில் கேன்வாஸ் துண்டுடன் முதலாளியிடமே நேரில் பேசுங்கள். இணங்காவிட்டால், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் விசாரிக்கலாம்.

மிஞ்சிய கேன்வாஸில் ஒரு துண்டைச் சாட்சியாக எடுத்து வையுங்கள். மற்றதை, அடுத்த பையில் எழுத்துக்கு நேர் பின்னே உட்புறமாக ஒட்டித் தைத்தால், சிக்சாக் தையல் துணியைச் சுருக்காது.