பிளாஸ்டிக்கை இரும்பாக்குவது: வாசகர் கேள்விகள்

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸ்’ ஹான் சோலோவின் டிஎல்-44 துப்பாக்கியை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் எடுத்திருக்கிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தும் வரிவரியாகத் தெரிகிறதே?

பெயின்ட் வரியை மறைக்காது, எடுத்துக்காட்டும். முதலில் 120 நம்பர் உப்புத்தாளில் மேடுகளை வெட்டுங்கள். மெஷின் வேண்டாம், பிஎல்ஏ 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும், உராய்வுச் சூட்டில் இழுபட்டுப் பிசிறாகும். 220-க்குப் போனதும் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள்.

அடுத்து, பள்ளங்களை நிரப்பும் பசையான என்.சி. பட்டி. காகிதத் தடிமனில் இரண்டு மூன்று முறை இழுங்கள். ஒரே தடவையில் அப்பினால் மேல்தோல் காய்ந்து, உள்ளே தின்னர் தங்கிவிடும். அது மெல்ல வெளியேறும்போது பட்டி உள்வாங்கும். பெயின்ட் அடித்துச் சில நாள் கழித்துப் பள்ளம் தெரிவது இதனால்தான். பிறகு பிரைமர், அதன்மேல் தூரத்திலிருந்து கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவலாக ஒரு சுற்று. 400-ல் தேய்த்தால் மேடுகளில் கறுப்பு போய், பள்ளங்களில் மட்டும் நிற்கும். நிற்கும் இடத்தில் மறுபடி பட்டி. கறுப்பு முழுக்கப் போகும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். வீட்டுக்குள் தேய்ப்பதாக இருந்தால் முகக்கவசம் கட்டாயம்.

கேள்வி: சில்வர் ஸ்ப்ரே அடித்தால் பொம்மைத் துப்பாக்கி மாதிரியே இருக்கிறது. நிஜ இரும்பு போல எப்படிக் கொண்டுவருவது?

அதற்குச் சில்வரே அடிக்கக் கூடாது. 1977-ல் வந்த முதல் படத்துக்காக இந்தத் துப்பாக்கியை ஜெர்மனியின் மௌசர் சி96 கைத்துப்பாக்கியை வைத்துத்தான் கட்டினார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கி எஃகு, மேற்பூச்சால் நீலம் கலந்த கறுப்பாக இருக்கும். தேய்ந்த விளிம்பில் உள்ளிருக்கும் எஃகு மங்கிய சாம்பலாகத்தான் எட்டிப்பார்க்கும், பளபளக்காது.

ஆகவே மேட் (பளபளப்பில்லாத) கறுப்பு அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். 6பி பென்சிலின் முனையை உப்புத்தாளில் உரசிப் பொடியாக்கி, பழைய பருத்தித் துணியில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். மேட் பரப்பின் சொரசொரப்பு கிராஃபைட்டைப் பிடித்துக்கொள்ளும். தேய்க்கத் தேய்க்க உலோக மினுமினுப்பு ஏறும், தொட்டால் கையெல்லாம் கறுப்பாகும். அதற்குப் பயந்து மேலே கிளியர் கோட் (நிறமற்ற காப்புப் பூச்சு) அடித்தால் மினுமினுப்பில் பாதி போய்விடும். காட்சிக்கு வைக்கும் பொருளானால் கிளியர் வேண்டாம்; கையில் பிடித்து விளையாடுவதானால் பிடிபடும் பகுதிகளுக்கு மட்டும் மெல்லிய மேட் கிளியர் போதும்.

விளிம்புகளுக்குக் கறுப்பு கலந்து மங்கவைத்த சில்வர் அக்ரிலிக் பெயின்ட்டைத் தட்டைத் தூரிகையில் எடுத்து, காகிதத்தில் ஏறக்குறைய முழுவதையும் துடைத்துவிட்டு, ஓரங்களை மட்டும் உரசுங்கள். எந்த ஓரம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உறைக்குள் போய் வரும் குழல் முனை, கட்டைவிரல் படும் சுத்தியல், விசைக் காப்பு வளையம் ஆகியவை தேயும். பள்ளமான மூலையும் குடைவின் அடியும் தேயாது, அங்கே அழுக்குதான் சேரும். எல்லா விளிம்பையும் ஒரே அளவில் உரசிய துப்பாக்கியைப் பார்த்த கணமே தூரிகை வேலை என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸ்’ பாத்திரம் போபா ஃபெட்டின் ஹெல்மெட்டில் பச்சை பெயின்ட் உரிந்து அடியில் உலோகம் தெரியவேண்டும். ஹேர் ஸ்ப்ரே முறையில் செய்தேன். உரியவே மாட்டேன் என்கிறது.

எந்தப் பச்சை அடித்தீர்கள் என்று எழுதவில்லை. ஸ்ப்ரே கேன் பச்சை என்றால் அதுதான் காரணம். ஹேர் ஸ்ப்ரே தண்ணீரில் கரையும் பொருள். மேலே அடித்த பெயின்ட் வழியாகத் தண்ணீர் இறங்கினால்தான் அது கரைந்து, பெயின்ட்டை விட்டுக்கொடுக்கும். ஸ்ப்ரே கேன்களில் வழக்கமாக வரும் லேக்கர், எனாமல் பெயின்ட் இரண்டும் தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக்தான் வேண்டும், அதையும் மெல்லிசாக.

வரிசை இது: சில்வர், அதன்மேல் லேக்கர் கிளியர், ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு ஹேர் ஸ்ப்ரே இரண்டு கோட், கால் மணி நேரம் இடைவெளி. அதன்மேல் பச்சை அக்ரிலிக். தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பியுங்கள். ஒரு சாண் அளவுக்கு மட்டும் நனைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தட்டுங்கள். கீறல் வேண்டுமானால் பல்குச்சி. மறுநாள்வரை விட்டால் அக்ரிலிக் இறுகிவிடும். நேர்மாறாக, தண்ணீரை ஊற்றிவிட்டால் பாளம் பாளமாகக் கழன்று வரும். முடிந்ததும் மிச்சத் தண்ணீர் காய்ந்தபிறகு மேட் கிளியர் அடித்துப் பூட்டுங்கள்.

கேள்வி: அழுக்கு காட்டக் கறுப்புக் கரைசல் பூசினேன். துடைத்தபின் மொத்தப் பரப்பும் கறுத்துவிட்டது.

மேட் பரப்பின்மேல் நேரடியாகப் பூசியிருப்பீர்கள், அது மையை உறிஞ்சிவிடும். முதலில் பளபளப்பான கிளியர், பிறகு கரைசல், கடைசியில் மேட். கரைசலுக்குக் கறுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) ஒரு பங்கு, தண்ணீர் எட்டுப் பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. இந்தச் சொட்டு இல்லாவிட்டால் கரைசல் முத்து முத்தாக நிற்கும், இடுக்கில் இறங்காது. இரண்டு நிமிடம் கழித்து, மழைநீர் வழியும் திசையில், மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள்.

கேள்வி: மழை நாளில் அடித்த கிளியர் கோட் வெளுத்துப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. உரித்துவிட்டு மறுபடி அடிக்கவேண்டுமா?

வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் லேக்கருக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது. வெயில் காயும் வறண்ட நாளில் அதே கிளியரை 25 செ.மீ. தூரத்திலிருந்து ஒரு மெல்லிய கோட் அடியுங்கள்; பழைய படலம் இளகி, ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். உலர்த்துவதற்காக மொட்டை மாடி வெயிலிலோ மூடிய காருக்குள்ளோ மட்டும் வைத்துவிடாதீர்கள், பிஎல்ஏ குழல் வளைந்துபோகும்.