குடியிருப்பவரைக் காணோம்... பூட்டை உடைக்கலாமா?

கேள்வி: தாம்பரத்தில் எங்கள் மாடி போர்ஷனில் குடியிருப்பவர் இரண்டு மாதமாக வரவில்லை. வாடகையும் வரவில்லை, போன் சுவிட்ச் ஆஃப். ஜன்னல் வழியே கட்டில், பீரோ தெரிகிறது. பூட்டை உடைத்து வேறு ஆளைக் குடிவைக்கலாமா?

பதில்: தயவுசெய்து உடைக்காதீர்கள். ஆளைக் காணோம் என்பது வேறு, வீட்டைக் காலி செய்துவிட்டார் என்பது வேறு. சாவி அவரிடமும் சாமான் உள்ளேயும் இருக்கும்வரை வீடு அவர் சுவாதீனத்தில்தான் இருக்கிறது. நீங்களாக உள்ளே போனால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் (Specific Relief Act) 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். 'வீடு என்னுடையது' என்ற பதில் அங்கே எடுபடாது. அப்புறம், பீரோவில் ஐந்து பவுன் இருந்தது என்று அவர் சொன்னால், இல்லையென்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

வாடகைக்கு முன்னால் அவருக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். விபத்தாக இருக்கலாம், ஊரில் யாருக்காவது உடம்பு முடியாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டிலும் அவர் வேலை பார்க்கும் இடத்திலும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களைப் பிடியுங்கள். கரண்ட் மீட்டரை இன்றைக்கும் பத்து நாள் கழித்தும் படம் எடுங்கள். ஆள் வந்துபோகிறாரா என்பதற்கு அது ஒரு தடயம். உள்ளே ஏதோ விபரீதம் என்று சந்தேகம் வந்தால் உடனே போலீஸுக்குச் சொல்லுங்கள், அவர்கள் திறக்கட்டும். ஆள் இல்லையே என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது.

அடுத்தது நோட்டீஸ். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை பாக்கியானால், அதைக் கட்டச் சொல்லிக் கேட்பு நோட்டீஸ் அனுப்பலாம். ஒரு மாதத்தில் பணம் வராவிட்டால் வீட்டைக் காலி செய்துதரக் கோரி வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நோட்டீஸை இந்த வீட்டு முகவரிக்கும் அவருடைய சொந்த ஊர் முகவரிக்கும் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 'கதவு பூட்டியுள்ளது' என்று திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். நோட்டீஸ் அனுப்பியதற்கு அதுதான் சாட்சி.

இதற்கிடையில் அவரே போனில் வந்து 'காலி செய்துவிட்டேன்' என்றால், சரி என்று வாய்வார்த்தையோடு விடாதீர்கள். வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். சாமான்களை யார் எடுத்துக்கொள்வார் என்பதும் அதில் இருக்கட்டும். சாவி வாங்கும் அன்று சாமான் பட்டியல் போட்டு இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். பாக்கியைக் கழித்த மீதி அட்வான்ஸை அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள்.